கந்தப்பனுக்கு ஒரு பலகையில்லை: சென்னையின் இலக்கிய நடைகள் திரும்பாத தெருக்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு பிறந்ததும் சென்னையில் மரபு நடைகள் தொடங்கிவிடுகின்றன. 1639 ஆகஸ்டு 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையோர நிலம் எழுதித் தரப்பட்டதை நகரத்தின் பிறந்த நாளாகக் கொண்டு 2004 முதல் நடந்துவரும் கொண்டாட்டத்தில், இலக்கிய நடைக்கென்று தனித்த இடம் உண்டு. காலை ஆறரை மணிக்கு ஒரு கோயில் வாசலிலோ காப்பிக் கடை முன்போ இருபது முப்பது பேர் கூடுவார்கள். வழிகாட்டி ஒருவர் கழுத்தில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு முன்னே நடப்பார். திருவல்லிக்கேணியில் பாரதி வாழ்ந்த வீடு, பார்த்தசாரதி கோயில் யானை, உ.வே.சாமிநாதையர் இருந்த தெரு, பிறகு மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகள். மயிலாப்பூர்ப் பக்கம் சென்றால் திருவள்ளுவர் கோயில். ஒன்பதரை மணிக்கு இட்லியுடன் நடை முடியும்.

இந்த நடைகளை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. காரிலிருந்து இறங்காத ஒரு வகுப்பாரை நகரத்தின் தெருவில் இரண்டு மணி நேரம் நடக்க வைப்பதே ஒரு வகையில் நற்செயல்தான். நாமும் சிலவற்றில் நடந்திருக்கிறோம்; கற்றுக்கொண்டும் இருக்கிறோம். ஆயினும் அவற்றில் ஒன்றில், எங்களுடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், “ராயப்பேட்டைக்கு ஏன் போவதில்லை?” என்று கேட்டபோது கிடைத்த விடை இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. “அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லையே” என்றார் வழிகாட்டி. அவர் பொய் சொல்லவில்லை, வெறுப்பாகவும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த விடையை ஆராய வேண்டியிருக்கிறது.

ராயப்பேட்டையில் மிச்சமில்லாதது எது? 1907 ஜூன் 19 அன்று அங்கிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழ் வெளிவந்தது. ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர். ஓராண்டுக்குப் பிறகு ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிய அவ்விதழ், 1914 மே 5இல் அவர் மறையும்வரை புதன்கிழமை தோறும் தொடர்ந்து வந்தது. ‘இந்திரர் தேச சரித்திரம்’, ‘ஆதிவேதம்’, திருக்குறளுக்கான விரிவான உரை, பண்டிகைகளுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் சாதிப்பெயர்களுக்கும் அவர் தந்த மாற்று விளக்கங்கள், சுதேசி இயக்கத்தின்மீது வாரந்தோறும் வைத்த விமர்சனங்கள் அனைத்தும் அந்த இதழில் அச்சேறியவை. கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூலிகளாகப் போன தமிழர்கள் அதைத் தருவித்துப் படித்தார்கள். அதே ஆண்டுகளில் அதே நகரத்திலிருந்து பாரதியின் ‘இந்தியா’ வெளிவந்துகொண்டிருந்தது. சுதேசியம் பேசியது ஒன்று. தீண்டாமையை வைத்துக்கொண்டு எந்தச் சுயராச்சியம் என்று கேட்டது மற்றொன்று. பாரதி வாழ்ந்த தெருவிலிருந்து ராயப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். இலக்கிய வரலாற்றில் அந்தத் தூரத்தைக் கடக்க எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

கடந்தவர்களும் பல்கலைக்கழகங்களிலிருந்து முதலில் வரவில்லை. ‘தமிழன்’ இதழ்களின் கட்டுகளைப் பொது நூலகங்களைவிடப் பெரிதும் காத்தவை தலித் பௌத்தக் குடும்பங்களின் அலமாரிகளே. அன்பு பொன்னோவியம் போன்றோர் கரையானிடமிருந்தும் மழையிடமிருந்தும் அவற்றைக் காத்து வைத்திருந்ததால்தான், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. சென்னையில் எழுதப்பட்டு, கோலாரில் மறுபதிப்புக் கண்டு, பாளையங்கோட்டையில் தொகுக்கப்பட்ட எழுத்து அது. சென்னையின் இலக்கிய நடையில் அதற்கு ஒரு நிறுத்தம் இல்லை.

அயோத்திதாசருக்கு முன்பும் இங்கே இதழ்கள் இருந்தன. 1869இல் வந்த ‘சூரியோதயம்’ தொடங்கித் தலித்துகள் நடத்திய இதழ்களின் வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் தம் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ நூலில் எழுதியிருக்கிறார். ஜான் ரத்தினம் நடத்திய ‘திராவிட பாண்டியன்’ 1885இல் வந்தது. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை இதழின் முகப்பில் அச்சடித்துத் தெருவில் விற்றது, தமிழ் இதழியலின் துணிச்சலான செயல்களில் ஒன்று. 1900இல் அவர் கடல் கடந்து செல்லும்வரை அது நடந்தது. இவற்றில் எந்த இதழுக்கும் சொந்தமாக ஒரு மாளிகை இருந்ததில்லை. வாடகை அறை, அடுத்தவர் அச்சகம், சந்தாதாரர் அனுப்பிய சில்லறை ஆகியவற்றைக் கொண்டே அவை நடந்தன. இதழ் நின்றதும் அந்த அறையில் வேறொருவர் குடிவந்தார்.

வழிகாட்டியின் விடைக்குப் பொருள் இங்கேதான் விளங்குகிறது. மரபு என்றால் கட்டடம் என்பது இந்த நகரத்தின் பொது விதி. 2010இல் உயர் நீதிமன்றம் பாதுகாக்கச் சொன்ன 400க்கும் மேற்பட்ட கட்டடங்களின் பட்டியல், முதலில் விளம்பரப் பலகைகளை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்ட நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்தது. பலகை எதை மறைக்கக் கூடாது என்று பார்க்கப்போய், எது மரபு என்று முடிவாயிற்று! நிலமும் பட்டாவும் கல்லும் சுண்ணாம்பும் யாரிடம் இருந்தனவோ அவர்களுடைய நினைவே அப்படிப்பட்ட பட்டியலில் தங்கும். சேரியில் வாழ்ந்தவன் எழுதிய வரி எத்தனை ஆயிரம் பேரைச் சென்றடைந்திருந்தாலும், அவன் குடிசை எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆகவே யாரும் திட்டமிட்டு விலக்காமலேயே விலக்கு நடந்துவிடுகிறது.

கட்டடம் இருந்தவர்களுக்கும் இந்நகரம் பெரிய விசுவாசம் காட்டியதாகச் சொல்ல முடியாது. உ.வே.சா. வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012இல் இடிக்கப்பட்டது. அப்போது நாளிதழ்கள் வருந்தின, அறிக்கைகள் வந்தன, அந்த வருத்தத்தில் நியாயமும் இருந்தது. வேறுபாடு ஒன்றே ஒன்று. இடிந்துபோன வீட்டின் முன்பும் நடை இன்று நிற்கிறது, இங்கேதான் அந்த வீடு இருந்தது என்று வழிகாட்டி கைகாட்டுகிறார். வெற்றிடத்தைக் காட்டிக் கதை சொல்ல அவர்களால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? திருவல்லிக்கேணியில் இல்லாத வீடு மரபாகிறது, ராயப்பேட்டையில் இல்லாத அச்சகம் ‘ஒன்றும் மிச்சமில்லை’ என்றாகிறது.

திருக்குறளுக்கு வருவோம். எல்லா இலக்கிய நடைகளும் வள்ளுவரைத் தொட்டுத்தான் செல்கின்றன. ‘திருக்குறள்’ மூலம் 1812இல் சென்னையில் தஞ்சை ஞானப்பிரகாசனால் அச்சிடப்பட்டது. 1810இல் சென்னையின் கலெக்டரான எல்லிஸ், குறளில் தோய்ந்தவர். 1818இல் குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது நகரில் 27 கிணறுகள் வெட்டச் செய்தார். ராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றில் பொறிக்கப்பட்ட கல்வெட்டில் தம் செயலுக்கு ஆதாரமாக ஒரு குறளையே எடுத்தாண்டார். நகரத்துக்குள் குறள் கல்லில் ஏறிய அந்த இடம், இலக்கிய நடை தேடிப்போக வேண்டிய இடம் அல்லவா? ‘ஒன்றும் மிச்சமில்லாத’ ராயப்பேட்டையில்தான் அதுவும் இருக்கிறது.

எல்லிஸின் கைக்கு ஏட்டுச் சுவடி எப்படி வந்தது என்பதை அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏடுகளை அத்துரையின் வழியாக எல்லிஸிடம் சேர்த்தார் என்பது அவர் தரும் செய்தி. ஒரு குடும்பம் தலைமுறைகள் தாண்டிச் சுமந்துவந்த நினைவு அது. இதை ஏற்பதற்குத் தமிழறிவுலகம் காட்டிய தயக்கம் கவனிக்கத் தக்கது. ஊர் ஊராய்ச் சென்று மடத்திலும் அக்கிரகாரத்திலும் ஏடு பெற்ற கதைகளைப் பெற்றவரின் சொல்லை நம்பியே நாம் பாடநூலில் படிக்கிறோம். சமையற்கட்டில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் குறள் ஏடு இருந்தது என்றால் மட்டும் இரண்டாவது சான்று கேட்கிறோம். சான்று கேட்பது தவறன்று. எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பதே நம் கட்சி. எல்லிஸின் பெயரில் அண்ணா சாலைக்கருகே ஒரு சாலை இருக்கிறது. கந்தப்பன் பெயரில் ஒரு பலகைகூட இல்லை.

வள்ளுவர் கோயிலில் நடை நிற்கும்போது ஆதி–பகவன் கதை தவறாமல் சொல்லப்படுகிறது. பார்ப்பனத் தந்தைக்கும் பறையர் குலத் தாய்க்கும் பிறந்தவர் வள்ளுவர் என்ற அந்தக் கதையைச் ‘சாதி கடந்த தமிழ்’ என்பதற்குச் சான்றாக வழிகாட்டிகள் இனிப்பாகச் சொல்கிறார்கள். பறையர் வீட்டில் அறிவு பிறக்க வேண்டுமானால் பார்ப்பன விந்து வேண்டும் என்பதே அக்கதையின் உட்பொருள் என்பதை நூறாண்டுக்கு முன்பே கண்டு அதை மறுத்தவர் அயோத்திதாசர். வள்ளுவரைப் பௌத்த மரபில் வைத்து, நூலின் பெயரையே திரிபிடகத்தோடு தொடர்புபடுத்தித் ‘திரிக்குறள்’ என வாசித்தார். அந்த வாசிப்பை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கோயில் வாசலில் நின்று ஒரு கதையை மட்டும் சொல்லி, அதே கதைக்கு இரண்டு மைல் தொலைவில் எழுதப்பட்ட மறுப்பைச் சொல்லாமல் விடுவது வழிகாட்டல் ஆகாது.

நடைகள் வடக்கே போவதும் அரிது. வடசென்னையின் மாநகராட்சி மண்டலம் ஒன்றுக்குத் தமிழின் மிகச்சிறந்த உரைநடையாளர் ஒருவரின் பெயர் இருக்கிறது: திரு.வி.க. நகர். சிறுவயதில் கைகால் முடங்கியிருந்த தமக்கு மருத்துவம் பார்த்தவர் அயோத்திதாசப் பண்டிதர் என்பதைத் திரு.வி.க. தம் ‘வாழ்க்கைக் குறிப்புக்க’ளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். ஒரு சித்த மருத்துவர் எழுப்பி நடக்க வைத்த பிள்ளை, பின்னாளில் தமிழ் மேடையையும் தொழிற்சங்கத்தையும் நடத்தினான். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தமும் உண்டு, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளரின் புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்ததும் உண்டு, எம்.சி.ராஜா அம்மக்களுக்காக வாதாடியதும் உண்டு. திரு.வி.க.வின் தமிழை நேசிக்கிறவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துப் பேசப் பழக வேண்டும். புளியந்தோப்பு நடையின் வரைபடத்துக்குள் வராதவரை அது நடக்காது.

கடந்த 2025 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குத் தரப்பட்டதை எதிர்த்து, பணியாளர்கள் ஆகஸ்டு 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், பெரும்பாலோர் பெண்கள். 13 நாள்கள் வெயிலிலும் மழையிலும் இருந்தவர்களை ஆகஸ்டு 13 நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்திக் கைது செய்தது. ஒன்பது நாள்கள் கழித்துச் சென்னை நாள் வந்தது. ரிப்பன் மாளிகை நகரத்தின் கட்டடக்கலைப் பெருமையாக மீண்டும் படம் பிடிக்கப்பட்டது. திரு.வி.க.வின் பெயரைத் தாங்கிய மண்டலத்தில் தொழிலாளி தெருவில் இழுக்கப்படுவதும், திரு.வி.க.வின் தமிழ் மரபாகக் கொண்டாடப்படுவதும் ஒரே மாதத்தில் நிகழ முடிகிறது. காலை ஆறரை மணி நடைக்காரர்கள் கால் வைப்பதற்குள் அந்தத் தெருவைக் கூட்டி முடித்திருப்பவர்கள் யார் என்பதும் இலக்கிய நடை கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான்.

கண்ணகியின் கதை இன்னும் கசப்பானது. மெரினாவில் சிலம்பேந்தி நிற்கும் கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. தமிழறிஞர்களும் கட்சிகளும் கொதித்தார்கள். 2006 ஜூனில் சிலை அதே கடற்கரைக்கு மீண்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்துச் சதுப்பையொட்டி எழுப்பப்பட்ட அடுக்குக் குடியிருப்புகளுக்கு லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அந்த இடத்துக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். நீதி கேட்டு ஊரை எரித்தவளின் பெயரை, ஊரை விட்டு அகற்றப்பட்டவர்களின் முகவரியாக்கியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, இல்லை காப்பியமே தெரியாதா என்று நமக்கு விளங்கவில்லை. சிலைக்குத் திரும்பிவர நான்கரை ஆண்டு ஆயிற்று. மனிதர்கள் திரும்பவில்லை. அண்மை ஆண்டுகளில் அக்குடியிருப்பின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டுப் பார்வையாளர் வரத் தொடங்கியிருக்கிறார்கள். வண்ணத்தை அங்குள்ள பிள்ளைகள் விரும்பத்தான் செய்கிறார்கள். ஆனாலும் வண்ணம் பார்க்க வருகிறவர்கள், இந்த மக்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போனால் அந்த வருகைக்குக் கொஞ்சம் மதிப்பிருக்கும்.

அந்தத் தெருக்களில் ஒன்று சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறது. தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ நாவல் (2018) அந்த மண்ணை, அதன் பேச்சை, தேவாலயத்தை, கூவக்கரையை முழுதாக எழுதிவைத்திருக்கிறது. ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கச் சென்னையில் அதைவிடப் பொருத்தமான இடம் எதுவும் நமக்குத் தோன்றவில்லை. ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவக்கரை மக்களில் பலர் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நாவலின் தெருக்களை அடையாளம் காட்டக் கூடியவர்கள் அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி வர வேண்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. அயோத்திதாசருக்கு 2005இல் அஞ்சல்தலை வந்தது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு மணிமண்டபம் உண்டு. அயோத்திதாசருக்கும் 2023இல் அங்கேயே மணிமண்டபம் திறக்கப்பட்டது. இவை வென்றெடுத்தவை. எனினும் எழுதியவரை, எழுதிய தெருவிலிருந்து பெயர்த்து ஒரு தோட்டத்துக்குள் வைத்துவிட்டோமோ என்ற ஐயம் நமக்கு எழுகிறது. மாலை போடும் நாள் தவிர அங்கே யார் போகிறார்கள்? ராயப்பேட்டையில் ஒரு சுவரில் இரண்டடிக்கு ஒன்றரையடி கல் பதித்து, ‘தமிழன்’ இங்கிருந்து வந்தது என்று எழுதினால் அன்றாடம் ஆயிரம் பேர் பேருந்துக்குக் காத்திருக்கையில் படிப்பார்கள். அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை.

நம் தரப்பிலும் குறையுண்டு. நாம் தொகுக்கும் பட்டியல்களில் பெண்கள் அரிதாகவே வருகிறார்கள். இதழ்களை நடத்திய ஆண்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன; அந்த இதழ்களை வீட்டில் கட்டிக் காத்த, வாய்விட்டுப் படித்துக்காட்டிய, சந்தாவுக்குக் காசு சேர்த்துக் கொடுத்த பெண்களைப் பற்றி நாம் விசாரிக்கத் தொடங்கவேயில்லை. மூத்தோரிடம் கேட்டால் இன்றும் கிடைக்கக்கூடிய செய்திகள் அவை. இன்னும் பத்தாண்டு போனால் கிடைக்கா. அதுபோலவே, தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் நீலம் பண்பாட்டு மையம் போன்றவை அரங்குகளிலும் கண்காட்சிகளிலும் செய்துவரும் பணியை நாம் பாராட்டுகிறோம். பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். தெருவுக்குக் கொண்டுபோகும் வேலையை வேறு யாரோ செய்வார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

அந்த வேலைக்கு அனுமதிக் கடிதம் எதுவும் தேவையில்லை. சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியிலிருந்தோ பிற விடுதிகளிலிருந்தோ பத்து மாணவர்கள் ஒரு ஞாயிறு காலை ராயப்பேட்டை மணிக்கூண்டின் அடியில் கூடினால் போதும். கையில் அலாய்சியஸ் தொகுப்பின் ஒரு பகுதி, பாலசுப்பிரமணியத்தின் நூல், ஒரு குடிநீர்ப் புட்டி. முதலில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போய் எல்லிஸின் கிணற்றைப் பற்றிப் பேசலாம், கந்தப்பனைப் பற்றிப் பேசலாம். அயோத்திதாசர் பிறந்த ஆயிரம் விளக்குப் பக்கம் நடந்து, அங்கிருந்து எல்லீஸ் சாலை வழியாகத் திருவல்லிக்கேணிக்குப் போய், பாரதி வீட்டு வாசலில் நின்று 1907ஆம் ஆண்டின் ‘தமிழன்’ இதழிலிருந்து ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கலாம். அங்கே வேறொரு குழு ஒலிபெருக்கியோடு நின்றிருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லலாம். எங்களோடு வந்த அந்த மாணவர் இப்போது வீதி வீதியாக ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார். அதில் ராயப்பேட்டைக்கு மட்டும் ஒன்பது புள்ளிகள் வந்துவிட்டன. புளியந்தோப்பு இன்னும் காலியாக இருக்கிறது. அப்பகுதியில் பிறந்து வளர்ந்த வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் அவருக்கு உதவியாக இருக்கும்.